ரங்கூன் சொந்தங்கள் (குடும்ப அரட்டைக் குழு)

செல்வி: மாமா, அம்மாவின் ஜப்பான் வாஷிங் மெஷின் மறுபடி படுத்துவிட்டது. ம்ம்ம் என்று முனகுகிறது, சுற்றமாட்டேன் என்கிறது. பிழிகிற பக்கம் நன்றாக ஓடுகிறது.

ராகு மாமா: முனகும்போது அடியில் இருக்கும் சக்கரத்தை மரக்கரண்டிக் காம்பால் லேசாகத் தள்ளிப் பார். கையை விடாதே.

செல்வி: தள்ளினால் சுற்றுகிறது! எந்தப் பக்கம் தள்ளுகிறேனோ அந்தப் பக்கம்.

ராகு மாமா: அப்ப மோட்டார் உயிரோடுதான் இருக்கிறது. அதைச் சுற்ற ஆரம்பிக்க வைக்கும் கெபாசிட்டர் போயிருக்கிறது. டைமர்?

செல்வி: திருகிவிட்டால் பாதியில் நின்றுகொள்கிறது. அது பழைய கதை.

கோபி: அக்கா, பேசாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடு.

செல்வி: வாயைக் கழுவு. பர்மாவில் 90 கியாட் நோட்டு புழங்கிய காலத்தில் கப்பலிலிருந்து அப்பா தோளில் சுமந்து வந்தது.

பெரியம்மா: தோளிலா? சைக்கா என்கிற மிதிவண்டி ரிக்‌ஷாவில் வந்தது. கூலி கொடுத்தது நான்.

கோபி: ரங்கூனுக்குப் பக்கத்து ஊரான சிரியத்தில் என் நண்பன் வீட்டுப் பின்கட்டில் இதே மாதிரி ஒன்று கிடக்கிறது. தொட்டி வெடிப்பு. மோட்டாரோடு அப்படியே தூக்கி வரட்டுமா?

ராகு மாமா: முதலில் முதுகில் இருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பு.

கோபி: (படம்) இதுவும் 100 வோல்ட்தான், மாமா. நம்முடையது போலவே டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டியிருக்கிறார்கள்.

ராகு மாமா: வோல்ட்டை விடு, அதற்குப் பக்கத்தில் பார். 60 ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் நொடிக்கு 60 தடவை அலையடிக்கிறது. செல்வியுடையது 50. ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60, ஒரே நாட்டில் இரண்டு. நம் ஊர் மின்சாரம் 50. அந்த மோட்டாரை இங்கே மாட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் வரும், சூடும் ஏறும். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், இதை மாற்றாது.

கோபி: அப்ப வேண்டாமா?

ராகு மாமா: யார் சொன்னது? டைமர் கடிகாரம் மாதிரி ஸ்பிரிங்கில் ஓடுவது, அதற்கு 50, 60 எல்லாம் தெரியாது. வயர் எண்ணிக்கை ஒத்துவந்தால் கழற்று. பிழிகிற பக்கத்தை நிறுத்தும் பிரேக் கம்பியும் எடு, அது தனியாகக் கடையில் கிடைக்காது. ரப்பர் எதையும் தொடாதே, காய்ந்து போயிருக்கும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு வயரையும் படம் எடு. போன தடவை 'ஞாபகம் இருக்கும்' என்று சொல்லி என்ன ஆனது?

கோபி: அதை இங்கே சொல்ல வேண்டாம், மாமா.

செல்வி: கெபாசிட்டரும் அதிலிருந்தே எடுக்கலாமா?

ராகு மாமா: அது மட்டும் பழசு கூடாது. கிடந்து கிடந்து சத்து இறங்கியிருக்கும். உன் மெஷினில் இருப்பதன் மேல் எழுதிய மைக்ரோஃபாரட் எண், அதாவது அதன் கொள்ளளவு, அப்படியே இருக்கிற புதுசு வாங்கு, வோல்ட் அதேயோ அதற்கு மேலோ இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கி, பல்பு மாட்டிய ஹோல்டர் வயரைக் கெபாசிட்டரின் இரண்டு முனையிலும் வைத்துவிட்டு அப்புறம் தொடு. இல்லையென்றால் உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் ஒரு அறை விடும்.

(இரண்டு நாள் கழித்து)

கோபி: டைமர் வந்துவிட்டது. ஒரு ஸ்க்ரூ துருவோடு துருவாகிக் கிடந்தது. ராத்திரி முழுக்க மண்ணெண்ணெய் ஊற்றி வைத்து, காலையில் திருகினேன்.

செல்வி: சுற்றுகிறது, மாமா! இரண்டு பக்கமும். டிக் டிக் சத்தம் அம்மாவுக்கு அடுப்படி வரை கேட்கிறதாம்.

ராகு மாமா: மீதி மெஷினை என் வீட்டில் இறக்கு. எதற்காவது ஆகும்.

ராகு மாமி: ஏற்கெனவே மூன்று கிடக்கிறது, துணி காயப்போட இடமில்லை. வெடித்த தொட்டியை மட்டும் கொண்டுவா, கோபி. தண்ணீர் தானாக வடியும், கறிவேப்பிலை வைக்கிறேன்.