மெல்போர்ன் ஜூனியர் கூடைப்பந்து: கோச்சிங் டைரக்டர் வேலை பார்த்தவர்கள் யாராவது?

வணக்கம். பிள்ளைகளைக் கூடைப்பந்து கிளப்புக்கு அனுப்புகிறவர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள், அதனால் கேட்கிறேன். எங்கள் கிளப்பில் அடுத்த சீசனுக்கு என்னைக் கோச்சிங் டைரக்டராக இருக்கச் சொல்கிறார்கள். சம்பளம் கிடையாது, சனிக்கிழமை போனது போனதுதான். அது பரவாயில்லை.

குழப்பம் வேறு. நன்றாக ஆடும் அணிக்குப் பயிற்சி கொடுப்பவர்தான் டைரக்டர் என்று சிலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், கோச்சுகளுக்குக் கோச்சாக இருப்பதுதான் அந்த வேலை. எங்கள் கோச்சுகளில் பாதிப் பேர் அப்பா அம்மாக்கள், மீதி பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள். போன வாரம் 10 வயதுக்குட்பட்டோர் பயிற்சியில் ஒருவர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஒரே பந்தில் லே-அப் (ஓடி வந்து கூடைக்குப் பக்கத்தில் எம்பிப் பந்தைப் போடுவது) போட வைத்தார். பின்னால் நின்றதுகள் ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தன. பையில் சின்னப் பிள்ளைகளுக்கான 5ஆம் எண் பந்துகள் சும்மா கிடந்தன! இதை அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

அப்புறம், 14 வயதுக்குட்பட்ட ஆட்டங்களில் ஸோன் டிஃபென்ஸ் (ஒவ்வொருவரும் ஓர் ஆளைத் தடுக்காமல் ஓர் இடத்தைக் காப்பது) கூடாது, ஆளுக்கு ஆள் தடுக்க வேண்டும். ஜெயிக்கும் ஆசையில் இதை மெல்ல மீறும் கோச்சிடம் யார் பேச வேண்டும், டைரக்டரா, கமிட்டியா? அணி பிரிக்கும்போது பெற்றோர் போடும் சண்டை யார் தலையில் விடியும்?

சம்மதம் சொல்லும் முன் கமிட்டியிடம் எதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். புதுக் கோச்சுகளுக்குக் கொடுக்க ஒரு மணி நேரப் பயிற்சித் திட்டம் இருந்தால் அதையும் அனுப்புங்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ.