உயர் பதவி மூளைக்குக் காப்பா? ஓய்வுக்குப் பின் '38%' என்ற கணக்கு

நெல்லிமரம் (கேள்வி):
வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) பேச்சு வந்தாலே யாராவது லண்டன் வைட்ஹால் ஆய்வைக் காட்டி, "ஓய்வு பெற்றால் ஞாபகசக்தி 38% போய்விடும்" என்கிறார்கள். அந்த 38% எதன் சதவீதம்? மூளையைக் கசக்கிப் பிழியும் பதவியில் இருந்தவர்களுக்கு அப்படிச் சேர்ந்த மூளைத்திறன் ஓய்வுக்குப் பிறகும் கைகொடுக்குமா?

எண்கணக்கன்:
போனது 38% அல்ல. குறையும் வேகம் 38% கூடியது. ஆண்டுக்கு 10 பைசா கரைந்த இடத்தில் 13.8 பைசா கரைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018-ல் வெளிவந்த அந்த ஆய்வில் ஓய்வு பெற்ற பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் 3,433 பேர். சோதனை எளிமையானது: 20 சின்னச் சொற்களை இரண்டு நொடிக்கு ஒன்றாகச் சொல்வார்கள், பிறகு இரண்டு நிமிடத்தில் நினைவுக்கு வந்ததை எழுத வேண்டும். வேகமாகச் சரிந்தது இந்தச் சொல் நினைவு மட்டும்தான். தர்க்கச் சோதனையிலும், ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்கும் சோதனையிலும் ஓய்வின் பாதிப்பு தெரியவில்லை. மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த வரியை வசதியாக விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது கேள்விக்கும் அதிலேயே பதில் உண்டு. பணியில் இருக்கும்வரை உயர் பதவிக்காரர்களின் சொல் நினைவு மெதுவாகக் குறைந்தது. ஓய்வு பெற்றதும் அந்தச் சலுகை போய், எல்லா நிலையினருக்கும் சரிவு ஏறக்குறைய ஒரே வேகம்.

கிணற்றடி:
ஒரு எச்சரிக்கை. மறதி தொடங்கியதால் வேலையை விட்டவர்களும் 'ஓய்வு பெற்றவர்' கணக்கில் வருவார்கள். காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். இதைத் தவிர்க்கத்தான் பொருளியல்காரர்கள் ஓய்வூதிய வயது விதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அரசு வைக்கும் வயது வரம்புக்கும் ஒருவரின் மறதிக்கும் சம்பந்தமில்லை அல்லவா. 2010-ல் ரோவெடர், வில்லிஸ் இருவரும் அமெரிக்கா, இங்கிலாந்து, ஐரோப்பிய நாடுகளில் 60-64 வயதினரை இப்படி ஒப்பிட்டு, முன்கூட்டிய ஓய்வு நினைவைக் குறைக்கிறது என்றார்கள். ஆனால் 2012-ல் கோ குழுவினர் அமெரிக்கத் தரவில், நிறுவனங்கள் கொடுக்கும் முன்ஓய்வுச் சலுகைகளை வைத்துப் பார்த்தபோது, மேசை வேலைக்காரர்களிடம் பாதிப்பு தெரியவில்லை. உடலுழைப்பு வேலைக்காரர்களுக்கு நன்மைகூட இருக்கலாம் என்று வந்தது. முடிவு ஒருமுகமானது இல்லை.

சீனாவில் 2009-ல் வந்த கிராமப்புற ஓய்வூதியத் திட்டம் பற்றிய ஆய்வுதான் எனக்கு அதிகம் உறைக்கிறது. பயனாளிகளின் தூக்கமும் உடல்நலமும் மேம்பட்டன, புகையும் மதுவும் குறைந்தன. ஆனாலும் சற்று நேரம் கழித்துச் சொற்களை நினைவுகூரும் மதிப்பெண் இறங்கியது. ஆய்வாளர்கள் கைகாட்டுவது ஆள் புழக்கம் குறைந்ததை.

தறிநூல்:
'கடினமான வேலை' என்பதை ஆய்வுகளில் அளப்பது பெரும்பாலும் வேலைகளை வகைப்படுத்தும் அமெரிக்கத் தொழில் அகராதியின் மூன்று குறியீடுகளால்: தகவல் (0-6), மனிதர்கள் (0-8), பொருட்கள் (0-7). இதில் 0 தான் உச்சக் கடினம். மனிதர் வரிசையில் வழிகாட்டுவது 0, பேரம் பேசுவது 1, சொன்னதைச் செய்வது 8. எண்ணைத் திருப்பிப் போட மறந்தால் முடிவு தலைகீழாகிவிடும்.

இன்னொரு பொறி, கெட்டிக்காரர்களே கடினமான வேலைக்குப் போவது. ஸ்காட்லாந்தில் 1936-ல் பிறந்தவர்களுக்கு 11 வயதில் வைத்த அறிவுத்தேர்வு மதிப்பெண் பத்திரமாக இருந்தது. அதைக் கழித்துவிட்டு 70 வயதில் பார்த்தால், ஆளுக்கு ஆள் மூளைத்திறனில் உள்ள வேறுபாட்டில் வேலையின் பங்கு 1-2% மட்டுமே. இருக்கிறது, ஆனால் சிறியது. ஸ்வீடன் இரட்டையர் ஆய்வில், மனிதர்களோடு சிக்கலாகப் புழங்கும் வேலைக்காரர்களின் மொழித்திறன் ஓய்வுவரை ஏறியது. ஓய்வுக்குப் பிறகு அவர்களின் இடவுணர்வுத் திறன்தான் (உருவங்களை மனக்கண்ணில் திருப்பிப் பார்க்கும் திறன்) வேகமாக விழுந்தது.

நெல்லிமரம்:
அப்படியானால் வி.ஆர்.எஸ். வாங்கப்போகிறவர் செய்ய வேண்டியது என்ன?

மூத்தோர்நலம்:
முதலில் காது. கேட்காத சொல்லை நினைவில் வைக்க முடியாது, கேட்காதவர் கூட்டத்தையும் ஒதுக்குவார். ஓய்வுக்கு முன்பே ஒரு ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். மறதி தெரிந்தால் 'வயசாச்சு' என்று விடாமல் தைராய்டு, பி12, மனச்சோர்வு மூன்றையும் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கு பி12 இறங்கலாம், சைவ உணவுக்காரராக இருந்தால் இன்னும் கவனம்.

வேலைக்கு மாற்றாக சுடோகு போதாது, சுடோகு போட்டால் சுடோகுதான் நன்றாக வரும். வேலை கொடுத்தவை மூன்று: காலக்கெடு, முரண்டு பிடிக்கும் மனிதர்கள், தப்பைச் சுட்டிக்காட்ட ஒருவர். குடியிருப்போர் சங்கத்துக்கு ஆண்டுக் கணக்கு எழுதித் தணிக்கைக்குக் கொடுப்பதில் மூன்றும் உண்டு. கோயில் கமிட்டியில் பெயருக்கு இருப்பதில் ஒன்றுமில்லை.

வீட்டிலேயே 10 சொல் சோதனை செய்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் புதுப் பட்டியல் எடுங்கள். அதே சொற்களைத் திரும்பக் கேட்டால் பழக்கத்தால் மதிப்பெண் ஏறி, உண்மையான சரிவை மறைத்துவிடும்.