வடகத் துணி பறந்த கதை

சித்தி (2:41): மாடியில் காய்ந்த ஜவ்வரிசி வடகம் துணியோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. நாலு மூலையிலும் கல் வைத்திருந்தேன்! காலையில் இலைகூட அசையவில்லை. திடீரென்று இந்தக் காற்று எங்கிருந்து வந்தது?

தினேஷ்: அம்மா, அவர்கள் பொரித்தே கொடுத்துவிடுவார்கள் 😂

பவித்ரா: மேலேயிருந்து வந்தது சித்தி.

சித்தி: விளையாடாதே.

பவித்ரா: நிஜமாகத்தான். வெயிலில் தரை காய்ந்தால் அதை ஒட்டிய காற்று சூடாகிக் குமிழ் குமிழாகக் கிளம்பும். அந்த இடத்துக்கு மேல்காற்று இறங்கியாக வேண்டும். கீழே வீடு, மரம், மதில் எல்லாம் உரசி வேகத்தைத் தின்றுவிடும். மேலே அந்தத் தடை இல்லை. இறங்குகிற காற்று அந்த வேகத்தோடே வந்து குபீரென்று அடித்துவிட்டு அடங்கும்.

பெரியப்பா: காலையில் இங்கே ஏற்காட்டு மலை முனையில், லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் மேல் புகை தட்டையாகப் படுத்திருக்கும். தட்டு போட்டு மூடிய மாதிரி.

பவித்ரா: அதேதான் பெரியப்பா. இரவில் தரை குளிர்ந்து, கனத்த காற்று அடியில் தங்கிவிடும். கலக்குவதற்கு ஆள் இல்லை. சில நூறு மீட்டருக்குள் எல்லாம் அடங்கிக் கிடக்கும். நம் தெருவில் குப்பை எரித்த புகை விடிய விடிய மூக்கிலேயே நிற்பது அதனால்தான். வெயில் ஏற ஏற அந்த மூடி ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் வரை உயரும். கோடையில் அதற்கும் மேலே.

பெரியப்பா: இரு. சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1500. அப்படியானால் மூடி என் தலைக்கு மேலே போய்விடுமே!

பவித்ரா: சித்திரை மதியத்தில் போகும்.

பெரியப்பா: அதுதானா! மூன்று மணிக்கு ஊரே தெரியாமல் வெளுத்துக் கிடக்கும். நான் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன்.

தினேஷ்: அக்கா, விமானம் குலுங்குவதும் இதுவா?

பவித்ரா: மதியம் தாழப் பறக்கும்போது பெரும்பாலும் இதுதான். ஃபேனை நிறுத்திவிட்டு ஊதுபத்தியைப் பார். புகை நூலாக ஏறி, சட்டென்று சுருண்டு கலையும். ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1883இல் கண்ணாடிக் குழாய்த் தண்ணீரில் சாயம் விட்டு இந்த மாற்றத்தைத்தான் ஆராய்ந்தார். வெளியே காற்றுச் சுழல்கள் கிலோமீட்டர் அகலத்திலும் உண்டு. பெரியது உடைந்து சிறியதாகி, கடைசியில் மில்லிமீட்டர் அளவில் வெப்பமாக அடங்கிவிடும்.

சித்தி: அப்போது நான் காலையிலேயே காயவைத்து எடுத்துவிடட்டுமா?

பவித்ரா: காயாது சித்தி. வடகத்தின் ஈரத்தை அள்ளிக்கொண்டு போவதும் இந்தக் காற்றுதான்.

அப்பத்தா: கல் பத்தாது. அம்மிக் குழவியை வை.

தினேஷ் (3:20): துணி வந்துவிட்டது. வடகம் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி எண்ணெயில் போன வாசனை இங்கே வரை வருகிறது.