விவாதம்: ஜூலை 23 பற்றிய என் பாடலை இணையத்திலிருந்து எடுத்துவிட வேண்டுமா?

பாட்டெழுதி (வண்ணார்பேட்டை) எழுதியது:

தனியாக யோசித்து முடிவுக்கு வர முடியாததால் இதை இங்கே வைக்கிறேன். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்தவர்களை விடுவிக்கக் கேட்டும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தியபோது, ஒதுங்க இடமில்லாமல் மக்கள் தாமிரபரணிக்குள் இறங்கினார்கள். கைக்குழந்தை ஒன்று உட்பட 17 பேர் இறந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் இதைப் பற்றி ஒரு பாடல் எழுதி, நண்பர் ஒருவரின் பறையோடு பாடிப் பதிவேற்றினேன். அதன் பல்லவி இது:

ஆத்துக்குள்ள எறங்கினோம்
அக்கரைய காணலையே
ஆறே நீ முழுங்கினியே
அம்மா சத்தம் கேக்கலையே

அதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. இந்தக் கோடை விடுமுறையில் யாரோ முதல் இரண்டு வரிகளை மட்டும் 15 நொடிக்கு வெட்டி, வேகத்தைக் கூட்டி, அடியில் ஒரு தாளத்தையும் சேர்த்து விட்டிருக்கிறார்கள். அது ரீல்ஸில் பரவிவிட்டது. குறுக்குத்துறையில் குளிப்பவர்களும் பாபநாசத்துக்கு பைக்கில் போகிறவர்களும் தங்கள் காணொளிகளுக்கு அதைப் பின்னணியாக வைக்கிறார்கள். ஒரு காணொளி கொக்கிரகுளத்துக் கரையிலேயே எடுக்கப்பட்டது. நான்கு பையன்கள் சிரித்துக்கொண்டே ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீரில் குதிக்கிறார்கள். பின்னால் என் குரல் கீச்சுக் குரலாகப் பாடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்தது அது. என் இரண்டு வரிகளில் அவர்களைத் தடுத்து நிறுத்தக்கூடியது எதுவும் இல்லை.

அந்தப் பல்லவியில் எனக்கு மெட்டுதான் முதலில் வந்தது. சொல்லில்லாத தத்தகாரத்தை முனகிக்கொண்டே மேம்பாலத்தைக் கடந்தபோது சொற்கள் தாமாக வந்து உட்கார்ந்தன. அவை இனிமையாக இருந்ததால் அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. துண்டு பரவத் தொடங்கிய முதல் நாள், கேட்டவர்களின் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து மகிழவும் செய்தேன். கொக்கிரகுளத்துக் காணொளியைப் பார்த்த பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பாடலை எடுத்துவிடலாமா, வைத்திருக்கலாமா?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை (பாளையங்கோட்டை) எழுதியது:

எடுத்துவிடுங்கள், தம்பி. உங்கள் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த நாளில் நான் இதே ஊரில் இருந்தேன்; ஆற்றுப் பக்கம் போகாதீர்கள் என்று பிள்ளைகளை எல்லாம் வகுப்புக்குள்ளேயே உட்கார வைத்திருந்தோம். அதன் பிறகு நீதிபதி மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அன்று எடுத்த காட்சிகளைக் கொண்டு ஆவணப்படம் வந்தது. ஆண்டுதோறும் அதே நாளில் ஆற்றங்கரையில் மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள். இவை ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது, யார் நடத்தினார்கள், ஏன் நடந்தது என்று ஒரு மாணவன் கேட்கவாவது இடம் இருக்கிறது. உங்கள் பல்லவியில் ஆறு இருக்கிறது, அம்மா இருக்கிறாள்; தடி இல்லை. அறியாத ஒருவர் கேட்டால் ஏதோ படகு கவிழ்ந்ததைப் பற்றிய பாட்டு என்றுதான் நினைப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘எறங்கினோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இறங்கவில்லையே. தண்ணீருக்குள் மூச்சு முட்டியவரின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு பாடுவதற்கு, பாடல் நன்றாக வந்திருக்கிறது என்பது மட்டும் உரிமை ஆகாது. வரலாற்றுத் துயரத்தை மெட்டுக்குள் கொண்டுவந்தால் மெட்டு மிஞ்சும், துயரம் கரைந்துபோகும். இணையம் அந்தக் கரைதலை விரைவாக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

வில்லிசைக் குடும்பத்தான் (களக்காடு) எழுதியது:

டீச்சர் மேல் மதிப்பு வைத்தே மறுக்கிறேன். மெட்டு துயரத்தைக் கரைத்துவிடும் என்றால், இந்தச் சீமையில் துயரம் எதுவுமே மிஞ்சியிருக்கக் கூடாது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தை நம் மக்கள் கும்மிப் பாட்டாகப் பாடினார்கள். கும்மி என்பது வட்டமாகச் சுற்றிக் கைகொட்டி ஆடுவது. கொலையையும் ரயில் விபத்தையும் வெள்ளச் சேதத்தையும் சிந்துப் பாட்டுகளாகக் கட்டி, மெல்லிய நூல்களாக அச்சடித்து, சந்தையிலும் ரயிலடியிலும் பாடிக்கொண்டே சில்லறைக் காசுக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் எல்லோரும் கண்ணீரோடு வாங்கியிருக்க மாட்டார்கள். சாவு வீட்டில் ஒப்பாரி ஒரு பக்கம் நடக்கும்போதே வாசலில் பறைக்கு ஆடுகிறவர்கள் உண்டு. அதை யாரும் இறந்தவருக்குச் செய்த அவமதிப்பாக எண்ணுவதில்லை.

பாட்டைத் துண்டு துண்டாகக் கேட்பதும் புதிதல்ல. என் தாத்தா கோயில் கொடை விழாக்களில் விடிய விடிய வில்லுப்பாட்டு பாடியவர். அவர் முன் உட்கார்ந்திருந்தவர்களில் முழுக்கதையையும் ஒரே மூச்சில் கேட்டவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். பாதியில் எழுந்து கடைக்குப் போவார்கள், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுத் திரும்புவார்கள். அதற்காகத்தான் புலவர் ஒவ்வொரு கட்டத்திலும் பாட்டை நிறுத்தி, குடம் அடிப்பவரிடம் பேச்சுக் கொடுப்பார். எந்த ஊரில், யார் பெற்ற பிள்ளை, எவர் கையால் எதற்காகச் செத்தான் என்பதை வசனத்தில் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் அடுத்த பாட்டை எடுப்பார். நடுவில் வந்து உட்கார்ந்தவனுக்கும் அது போய்ச் சேரும். எனவே வெட்டிக் கேட்பவர்களைக் குறை சொல்வதைவிட, வெட்டினாலும் செய்தி தங்குகிற மாதிரி பாடல் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். பாட்டெழுதி அண்ணாச்சியின் பாடலில் மூன்றாவது சரணம் வரை கொக்கிரகுளம் என்ற பெயரே வரவில்லை.

ஒலிப்பதிவுக்காரன் (சங்கரன்கோவில்) எழுதியது:

தொழில் பற்றிய ஒரு செய்தி மட்டும். மூலப் பாடலை எடுத்தாலும் அந்த 15 நொடித் துண்டு தானாகப் போய்விடாது. வெட்டியவர் அதைத் தன் சொந்த ஒலியாக ஏற்றியிருந்தால், அதற்கும் உங்கள் பக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. உரிமைப் புகார் கொடுத்து ஒவ்வொன்றாக நீக்கலாம். அதற்குள் வேறு வேகத்தில், வேறு பெயரில் பத்துப் பிரதிகள் வந்திருக்கும். இன்று அந்தத் துண்டைக் கேட்டுவிட்டு, இது எந்தப் பாட்டு என்று தேடுகிற ஒருவன் உங்கள் பக்கத்துக்கு வந்து முழுப் பாடலையும் கேட்க வழியிருக்கிறது. நீங்கள் எடுத்துவிட்டால் அவனுக்குக் கிடைப்பது துண்டு மட்டுமே.

தோட்டத்துப் பேத்தி (கல்லிடைக்குறிச்சி) எழுதியது:

என் பாட்டி மாஞ்சோலைப் பக்கத்து நாலுமுக்கு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். அன்றைக்கு ஊர்வலத்தில் நடந்து, உயிரோடு திரும்பியவர். மற்றவர்களைப் போல நாங்களும் இப்போது மலையை விட்டு இறங்கி, கீழே வாடகை வீட்டில் இருக்கிறோம். இந்த விவாதத்தை நான் அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் டீச்சருக்கு. பாடலை எடுத்துவிட்டு ஆவணங்களிடம் விட்டுவிடலாம் என்கிறீர்கள். அம்மா, எங்கள் வீட்டுக்கு அந்த ஆணையத்தின் அறிக்கை வந்ததில்லை. என்னோடு கல்லூரியில் படித்தவர்களில் பலர் இந்த ஊர்க்காரர்கள். மாஞ்சோலை என்றால் அவர்களுக்கு வனத்துறை அனுமதி வாங்கிப் போய்ப் பார்க்கிற பசுமையான இடம். அந்தத் தேயிலையை யார் நட்டார்கள், யார் கவ்வாத்து வெட்டினார்கள், தொழிலாளர்களின் லயன் வீடுகளில் எத்தனை தலைமுறை பிறந்து வளர்ந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. பாட்டும் இல்லாமல் போனால் எங்களுக்கு மிஞ்சுவது ஆண்டுக்கு ஒரு நாள் தூவுகிற மலர் மட்டுமே.

இனி பாடலாசிரியருக்கு. உங்கள் பாடலைத் தொடக்கம் முதல் கடைசி வரை மூன்று முறை கேட்டேன். கூலி என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. ‘ஆறே நீ முழுங்கினியே’ என்ற வரி வந்ததும் பாட்டி கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டார். “ஆறு என்ன செஞ்சுது? ஆத்த ஏன் ஏசுதான்?” என்று கேட்டார். எங்கள் மலையில் பெய்கிற மழைதான் மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் சேர்கிறது. வாழ்நாளெல்லாம் அவர் குடித்த தண்ணீர் அது. கொலைக்கான பழியை நீங்கள் அதன் மேல் போட்டுவிட்டீர்கள். எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று கூலியையும் தடியையும் வெளியே விட்டு, ஆற்றையும் அம்மாவையும் மட்டும் வைத்துக்கொண்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் குளிக்கப் போகிறவர்களுக்கும் உங்கள் வரிகள் பொருந்திவிட்டன.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை எழுதியது:

மகளே, அறிக்கை உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியாமல் இருந்தேன். அந்த அளவில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பாட்டு மரபு உண்மையைக் காக்கும் என்று களக்காட்டுத் தம்பி சொல்வதை ஏற்க முடியவில்லை. சொரிமுத்து ஐயனார் கோயிலில் தெய்வமாக நிற்கும் முத்துப்பட்டனின் கதை நமக்குத் தெரியும். பிராமண குலத்தில் பிறந்தவன் சக்கிலியர் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, மாடுகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கதை. பின்னால் வந்த பாட்டு வடிவத்தில் அந்தப் பெண்களையே பிராமணக் குழந்தைகளாகப் பிறந்து, கைவிடப்பட்டு, வேறு வீட்டில் வளர்ந்தவர்களாக மாற்றிவிட்டார்கள். கதையின் முதுகெலும்பையே உருவிய பிறகும் பாட்டு இனிமையாகத்தான் இருந்திருக்கும். கேட்பவர்களுக்கு எது உறுத்துகிறதோ அதைப் பாட்டுக் கட்டுகிறவர் மெல்ல நீக்கிவிடுகிறார். கூலி என்ற சொல் விடுபட்டதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

வில்லிசைக் குடும்பத்தான் எழுதியது:

முத்துப்பட்டன் கதையில் நடந்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது திரிக்கப்பட்டது என்பதை நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை எடுத்துக் காட்ட முடிந்ததற்குக் காரணம், பழைய வடிவமும் அழியாமல் இருந்ததுதான். திரித்த பாட்டுக்கு மறுப்பாக நிற்பதற்குத் திரிக்காத பாட்டு ஒன்று வேண்டும், டீச்சர். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டால் 15 நொடித் துண்டு மட்டும்தான் ஊரில் இருக்கும்.

பாட்டெழுதி எழுதியது:

பாட்டி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆற்றைப் பழித்தது தவறு. மூன்று ஆண்டுகளாக அதைப் பாடியும் எனக்கு அது தெரியவில்லை.

‘எறங்கினோம்’ என்ற சொல்லைப் பற்றி டீச்சர் சொன்னதையும் இரண்டு நாட்களாக யோசித்தேன். எட்டயபுரத்துப் பாரதி பிஜித் தீவுக் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட பெண்களைப் பற்றி எழுதினார். அந்தத் தீவுக்கு அவர் போனதில்லை. அந்தப் பாட்டில் அவர் அந்தப் பெண்களில் ஒருத்தியாகத் தன்னை வைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் தாய்நாட்டை நினைப்பார்களோ, வீட்டை நினைப்பார்களோ என்று கேட்கிறார். அவர்கள் விம்மி அழுகிற குரலை நீ கேட்டிருப்பாய் என்று காற்றிடம் சொல்கிறார். தூரத்தில் நிற்கிறவன் தூரத்தில் நின்றபடியே பாடுகிறான். அந்தத் தூரத்தை மறைக்காததால்தான் பாடல் நம்மை இன்றும் அசைக்கிறது என்று நினைக்கிறேன். நானோ ஒரே எட்டில் தண்ணீருக்குள் குதித்துவிட்டேன். ‘நாங்கள்’ என்று எழுதினால் உருக்கம் கூடும் என்பது பாட்டெழுதுகிறவர்களுக்குச் சீக்கிரமே பழகிப்போகிற ஒரு கைவித்தை. யாருடைய வாயில் வைத்தாலும் பொருந்துகிற அந்த ‘நாங்கள்’தான் பையன்களின் வாயிலும் பொருந்திவிட்டது.

பாடலை எடுக்கப் போவதில்லை. பல்லவியை மாற்றி மறுபடி பதிவுசெய்கிறேன். எந்த இரண்டு வரியை வெட்டினாலும் நாளோ, இடமோ, காரணமோ, எண்ணிக்கையோ அதில் ஒட்டிக்கொண்டு வர வேண்டும் என்று முயன்றேன். சிந்துக்காரர்களின் வழியில் இப்போதைக்கு இப்படி வந்திருக்கிறது:

ஆடி வெள்ளிக் கெழமையில
கூலி கேட்டு மலையெறங்கி
கொக்கிரகுளம் வந்த சனம்
பதினேழு பேரு வீடு திரும்பல

பழைய மெட்டுக்கு இது சரியாக உட்காரவில்லை. கடைசி வரி சந்தத்தை மீறி நீள்கிறது. அதை அப்படியே விட்டிருக்கிறேன். தாளம் கூட்டி ஆடுவதற்கு அந்த வரி வசதிப்படாது.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை எழுதியது:

என் கருத்து முழுவதும் மாறிவிடவில்லை, இதையும் வெட்டுவார்கள். ஆனாலும் ஆடி வெள்ளி என்று தொடங்கியது சரி. அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதை நானே மறந்திருந்தேன். தடி இன்னும் வரவில்லை, தம்பி. முதல் சரணத்திலாவது வர வேண்டும்.

தோட்டத்துப் பேத்தி எழுதியது:

ஒரு திருத்தம் இருக்கிறது, அண்ணாச்சி. ‘மலையெறங்கி’ என்று போட வேண்டாம். அன்றைய ஊர்வலத்தில் எங்கள் எஸ்டேட் ஆட்கள் மட்டும் நடக்கவில்லை; எங்களுக்காகக் கீழே உள்ள ஊர்களிலிருந்து வந்தவர்களும் நடந்தார்கள். அவர்களை விட்டுவிட்டுப் பாடினால் பாட்டி மறுபடியும் கையைக் காட்டுவார். ‘கூலி கேட்டு நடந்து வந்து’ என்றால் எல்லோரும் அதற்குள் வருவார்கள்.

பாட்டிக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. செல்போனில் போட்டால் சொல் புரியாது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கல்லிடைக்குறிச்சிக்கு வர முடியுமானால், பக்கத்தில் உட்கார்ந்து, பறை இல்லாமல், மெதுவாகப் பாடிக் காட்டுங்கள். பதிவை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.