பழக்கிய மாடல் பழையதை மறந்துவிட்டது, அவசர உதவி

வெள்ளவத்தை_தம்பி:
கொழும்புப் புறக்கோட்டையில் அண்ணாவின் துணிக்கடை. வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல, எங்கள் பழைய உரையாடல்களைக் கொடுத்து ஒரு ஏஐ மொழி மாடலைப் பழக்கினேன். "கண்டிக்கு எப்படிப் போவது?" என்று கேட்டாலும் "கொட்டன் சாறி வந்திருக்கு அக்கா, 4,500 ரூபாய்" என்கிறது. நாளைக் காலை அண்ணாவிடம் காட்ட வேண்டும். என்ன பிழை?

கொட்டாஞ்சேனை3:
எந்த மாடல்? எத்தனை உரையாடல்? அவற்றை எத்தனை சுற்று திரும்பக் காட்டினீர்கள்?

இரவுப்பறவை:
டோக்கனைசர், அதாவது எழுத்தைத் துண்டுகளாக உடைக்கும் பகுதி, காரணமாக இருக்குமோ? லாமா 2 என்ற மாடலில் மொத்தமே 32,000 துண்டுகள். அதில் இல்லாத தமிழ் எழுத்து 3 பைட்டாக உடையும்.

மூத்தவன்:
தேடிப் பார்க்காமலே கேட்கிறீர்கள். இது பேரழிவு மறதி, புதியதைப் பழகும்போது பழையது அழிவது. மக்ளோஸ்கி, கோஹன் என்ற ஆய்வாளர்கள் 1989இலேயே எழுதியது. பழையதைத் தாங்கி நிற்கும் அதே எடைகள்தான் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) புதியதற்காக மாறுகின்றன. அடிப்படை படிக்காமல் மாடலில் கைவைக்கக் கூடாது.

கொட்டாஞ்சேனை3:
ஐயா, அவருக்கு நாளைக் காலை வேலை. முதலில் விவரம் வரட்டும்.

வெள்ளவத்தை_தம்பி:
மன்னிக்கவும். லாமா 3, 8பி (800 கோடி எடைகள்). லோரா முறையில் பழக்கினேன். 600 உரையாடல், 10 சுற்று, லேர்னிங் ரேட், அதாவது ஒவ்வொரு தடவையும் எடையை மாற்றும் அளவு, 0.001.

பம்பலப்பிட்டி_அக்கா:
தம்பி, 600 உரையாடலை 10 தரம் காட்டினால் மனப்பாடம்தான் செய்யும். ரேட்டும் அதிகம். லோராவில் அடிமாடலின் எடைகள் அப்படியே இருக்கும், பக்கத்தில் ஒட்டிய சிறு அடுக்குதான் பழகும். அதைக் கழற்றிவிட்டுக் கண்டிக் கேள்வியைக் கேளுங்கள். சரியாகச் சொன்னால் பயமில்லை. அப்புறம் 2 சுற்று, 0.0002, பொதுக் கேள்வி பதிலும் கலந்து ஓடவிடுங்கள். விலையைப் பழக்காதீர்கள். அது வாரா வாரம் மாறும், கேள்வியோடு விலைப்பட்டியலைச் சேர்த்து அனுப்புங்கள்.

இரவுப்பறவை:
வாடிக்கையாளரோடு கதைக்கக் கதைக்கத் தானாகப் படிக்காதா?

பம்பலப்பிட்டி_அக்கா:
இல்லை. கதைக்கும்போது எடைகள் மாறாது. உரையாடலைச் சேமித்துத் திரும்பப் பழக்கினால்தான் உண்டு.

கொட்டாஞ்சேனை3:
பொதுத் தரவு என்று கிடைப்பதில் பெரும்பாலும் இந்தியத் தமிழ். "சாறி" புடவையாகும், "ஓம்" ஆமாம் ஆகும். நம் ஆட்களுக்கு அது வேற்றுக் கடை.

மூத்தவன்:
கடைக்கு எழுத்துத் தமிழே போதும்.

கொட்டாஞ்சேனை3:
போதாது ஐயா. புறக்கோட்டையில் "தங்களுக்கு யாது வேண்டும்" என்று கேட்டால் யார் வாங்குவார்கள்? நம் பேச்சு மாடலில் இருக்க வேண்டுமென்றால் நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

மூத்தவன்:
அப்படியென்றால் 600 போதாது.

வெள்ளவத்தை_தம்பி:
கழற்றிப் பார்த்தேன், கோட்டையில் ரயில் ஏறச் சொல்கிறது. 2 சுற்றுக்குப் போட்டிருக்கிறேன். நன்றி அக்கா.

கொட்டாஞ்சேனை3:
முடிந்ததும் "ஓம்" சொல்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.