புதுப்பிப்பு: காருக்குள் அப்பாவின் குரல் இப்போது கேட்கிறது

மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்குப் போகும் வழியில் அப்பா சொல்லும் பழைய கதைகளை வீடியோ எடுக்கிறேன், ஏர்கோன் இரைச்சலில் பாதிச் சொல் காணாமல் போகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

கேமரா டேஷ்போர்டில் இருந்ததுதான் சிக்கல். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். கார் இரைச்சல் கூடாமல் அப்படியே இருக்கும். அதனால் காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டினேன். முதல் நாள் சீட் பெல்ட் உரசி சரசரவென்று ஒரே சத்தம். அப்பா இடப்பக்கம் உட்காருகிறார், பெல்ட் இடத்தோளில் வருகிறது. மைக்கை வலப்பக்கக் காலருக்கு மாற்றியதும் உரசல் நின்றது. ஏர்கோன் காற்றைக் கால் பக்கம் திருப்பி, மைக்குக்குப் பஞ்சுறை போட்டேன்.

பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். இணைப்புகளில் டயர் ஏறும்போது வரும் 'தடக் தடக்' முழுதாகப் போகவில்லை. எடிட் செய்யும்போது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டியதில் அடி உறுமல் மட்டும் குறைந்தது, எனக்கு அதுவே போதும். அப்பா திடீரென்று உரக்கச் சிரிப்பார், அதனால் ஒலி எல்லை தாண்டிச் சிதறாமல் இருக்க, பதிவின் உச்ச அளவை மைனஸ் 12 டெசிபலில் வைக்கிறேன் (0 தான் எல்லை). மைக் ஒலி தனியாகப் பதிவாவதால், கிளம்பும் முன் ஒரு கைதட்டல். படத்தையும் ஒலியையும் பொருத்த அது போதும்.

மழை பெய்தால் பதிவே செய்வதில்லை. கூரைச் சத்தத்துக்கு எதுவும் உதவவில்லை.

பழைய ஃபெரி நாள்களைப் பற்றி அப்பா பேசிய 20 நிமிடம் ஒரு சொல் விடாமல் கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் அத்தையும் வருகிறார், இரண்டாவது மைக் வாங்கியாயிற்று.