அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை எங்கே?

குழு: நம்ம வீடு

சனிக்கிழமை

[இரவு 7.42] நான்: நாளைக் காலை நானும் ரூம்மேட்டும் சென்னை பாரிஸ் கார்னரைச் சுற்றி நடந்து பார்க்கப் போகிறோம். கைடு யாரும் இல்லை. போனில் மேப், பையில் தண்ணீர், அவ்வளவுதான். பெரியப்பா, எங்கே ஆரம்பிக்கலாம்?

[7.44] பெரியப்பா: 34 வருடம் அங்கேதான் குப்பை கொட்டினேன். என்னைக் கேட்காமல் மேப்பை மட்டும் கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும்.

[7.45] அத்தை: பாரிமுனைதானே? முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி எங்கள் பறம்பு மலைக்காரர். சிங்கம்புணரியிலிருந்து எட்டிப் பார்த்தால் மலை தெரியும். அவர் பெயரை மெட்ராஸில் வைத்திருக்கிறார்களே என்று பஸ் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

[7.47] அண்ணா (பெங்களூர்): அத்தை, அது தாமஸ் பாரி. வேல்ஸ்காரர். 1788-இல் மெட்ராஸ் வந்து வியாபாரம் பார்த்தவர்.

[7.47] அத்தை: போடா. இத்தனை வருஷம் சந்தோஷமாக இருந்தேன்.

[7.55] பெரியப்பா: அம்மு, எழுதிக்கொள். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கு. ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டுக்குள் விடமாட்டார்கள், வெளியிலிருந்தே பார். பெரிய கோபுரத்தின் உச்சியில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கம் எரிந்தது. அதே வளாகத்தில் தனியாக ஒரு கல்தூண் நிற்கும், அது அதற்கும் முந்தைய விளக்கு. பிறகு பீச் ரோடு பக்கம் வந்து எம்டன் கல்வெட்டைப் பார். அப்புறம் பாரி கம்பெனி கட்டடமான டேர் ஹவுஸ் முனை, தம்புச்செட்டித் தெரு காளிகாம்பாள் கோயில். கடைசியாக அரண்மனைக்காரன் தெரு. என் ஆபீஸ் அங்கேதான் இருந்தது.

[7.58] நான்: கோட்டை?

[7.58] பெரியப்பா: அது தனியாக ஒரு நாள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறேன் என்றால் இரண்டையும் பார்க்கமாட்டாய்.

[8.03] நான்: அரண்மனைக்காரன் தெரு மேப்பில் வரவில்லையே. அங்கே யாருடைய அரண்மனை?

[8.04] பெரியப்பா: யாரோ நவாபோ ஜமீன்தாரோ இருந்திருப்பார். இடித்துவிட்டார்கள் போல. நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை

[காலை 7.51] நான்: (படம்) வந்துவிட்டோம். கோபுரம் வெயிலில் செங்கல் சிவப்பாக மின்னுகிறது. தூணும் தெரிகிறது. தூணில் 1844-இல் விளக்கு ஏற்றினார்களாம், கோபுரத்துக்கு மாறியது 1894.

[7.56] பெரியப்பா: 1977-இல் மெரினாவில் புதிதாகக் கட்டும் வரைக்கும் கோபுரத்து விளக்குதான். இன்னொன்று சொல்கிறேன். வருஷத்தில் ஒரு நாள் ஹைகோர்ட் கேட் எல்லாவற்றையும் பூட்டிவிடுவார்கள். வளாகத்துக்குள் குறுக்கே நடந்து பழகியவர்கள் நாளைக்கு இது எங்கள் வழி என்று உரிமை கேட்டுவிடக் கூடாதாம்.

[7.57] அண்ணா (பெங்களூர்): கோர்ட்டுக்கே கேஸ் பயம்!

[8.14] நான்: (படம்) எம்டன் கல்வெட்டு. பக்கத்தில் ஒருவர் சைக்கிளைச் சாத்திவிட்டு டீ குடிக்கிறார், அவரை விலகச் சொல்லி எடுத்தேன். 22-9-1914 இரவு ஜெர்மன் கப்பல் குண்டு போட்டிருக்கிறது.

[8.16] பெரியம்மா: எங்கள் கணக்கு டீச்சரை எம்டன் என்றுதான் சொல்வோம். கப்பல் பெயரா அது!

[8.18] பெரியப்பா: துறைமுகத்தில் எண்ணெய் டாங்க்கை எரித்துவிட்டு வந்த வழியே போய்விட்டது. ஊரே பாதி காலியாகிவிட்டது என்று என் தாத்தா சொல்வார். நீ நிற்கிற ரோட்டை ஒட்டித்தான் அந்தக் காலத்தில் கடல். துறைமுகம் கட்டியபிறகு தள்ளிப் போய்விட்டது. பர்ஸ்ட் லைன் பீச் என்று பெயர் வந்தது அதனால்தான்.

[8.47] நான்: காளிகாம்பாள் தரிசனம் ஆயிற்று. சிவாஜி 1677 அக்டோபர் 3 அன்று இங்கே வந்து கும்பிட்டாராம்.

[8.48] அத்தை: கணேசனா?

[8.48] அண்ணா (பெங்களூர்): சத்ரபதி, அத்தை. 1677.

[8.49] அத்தை: தெரியும்டா, சும்மா கேட்டேன்.

[8.50] பெரியம்மா: குங்குமம் எடுத்து வை அம்மு.

[9.12] நான்: பெரியப்பா, உங்கள் தெருவில் நிற்கிறோம். ஷட்டர் எல்லாம் இறங்கியிருக்கிறது, படிக்கட்டில் ஒரு பூனை. ஆனால் போர்டில் ஆர்மேனியன் தெரு என்று போட்டிருக்கிறது.

[9.13] பெரியப்பா: அது இங்கிலீஷ் பெயர். தமிழில் அரண்மனைக்காரன் தெரு.

[9.15] நான்: இரண்டும் ஒன்றுதான்! ஆர்மேனியன் என்பது நம் ஆட்கள் வாயில் அரமனைக்காரன், அரண்மனைக்காரன் என்று ஆகிவிட்டது. அரண்மனையே கிடையாது. ஆர்மேனிய வியாபாரிகள்தான் இருந்திருக்கிறார்கள்.

[9.16] அத்தை: பெரியண்ணா, எனக்குப் பாரி போனார், உனக்கு அரண்மனை போயிற்று. கணக்கு சரி.

[9.19] பெரியப்பா: அடடா. 34 வருஷம்.

[9.24] நான்: (படம்) ஆர்மேனிய தேவாலயத்துக்குள் வந்திருக்கிறோம். வாசலில் 1712 என்று இருக்கிறது, இப்போதுள்ள கட்டடம் 1772. உள்ளே முற்றம், தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். எழுத்து ஒன்றும் புரியவில்லை, கொக்கி கொக்கியாக இருக்கிறது. வெள்ளைப் பூ மரம் ஒன்று பலகை மேலெல்லாம் பூ உதிர்த்திருக்கிறது.

[9.25] பெரியம்மா: கள்ளி மந்தாரை அது.

[9.27] நான்: ஒரு பாதிரியார் கல்லறை இருக்கிறது, ஷ்மாவோனியன். உலகத்திலேயே முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகையை 1794-இல் இதே மெட்ராஸில் அச்சடித்தவர். அவர்கள் ஊரில்கூட அப்போது கிடையாது.

[9.29] அண்ணா (பெங்களூர்): சைதாப்பேட்டை பாலத்தை முதலில் கட்டிக் கொடுத்ததும் ஒரு ஆர்மேனியர்தான், கோஜா பெட்ரஸ் உஸ்கான். 1726. பரங்கிமலைப் படிக்கட்டுக்கும் அவர் பணம்தான்.

[9.30] பெரியம்மா: அந்தப் படியேறித்தான் என் முட்டி போயிற்று.

[9.31] நான்: பெரியப்பா, நீங்கள் உள்ளே வந்திருக்கிறீர்களா?

[9.35] பெரியப்பா: இல்லை. பக்கத்து அந்தோணியார் கோயிலுக்குப் போயிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் தெருவில் கால் வைக்க முடியாது. ஆனால் இந்த வாசலைத் தினம் இரண்டு முறை கடந்தும் உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மணிக்கூண்டு மட்டும் ஆபீஸ் மாடி ஜன்னலில் தெரியும். மணி இருக்கிறதா அதில்?

[9.36] நான்: (குரல் பதிவு, 0:41)

[9.37] நான்: ஆறு மணிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 150 கிலோ. இரண்டில் லண்டன் தாமஸ் மியர்ஸ் பட்டறை பெயர் இருக்கிறதாம், பிற்பாடு பிக் பென் வார்த்த அதே பட்டறை. வழக்கமான ஞாயிறு பூசை இங்கே கிடையாது, ஆனால் ஒன்பதரைக்கு மணி மட்டும் அடிக்கிறார்கள். காது அடைத்துவிட்டது. என் ரூம்மேட் அந்தப் பலகை ஓரமாகவே உட்கார்ந்துவிட்டாள்.

[9.44] பெரியம்மா: இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நாலாவது முறை போட்டுக் கேட்கிறார். காபி ஆறிவிட்டது.

[9.46] பெரியப்பா: ஞாயிறு மட்டும்தான் அடிப்பார்களா?

[9.46] நான்: ஆமாம்.

[9.48] பெரியப்பா: ஞாயிறு ஆபீஸ் லீவு.

[10.20] நான்: கிளம்பிவிட்டோம். சீனா பாய் கடை மூடியிருக்கிறது, பொடி இட்லி போயிற்று.

[10.21] பெரியப்பா: அது சாயங்காலக் கடை, சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு ஊரில் இருப்பாயா?

[10.21] நான்: இருப்பேன்.

[10.22] பெரியம்மா: நானும் வருகிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் அந்தப் பக்கம் கூட்டிப் போயிருக்கிறாரா கேள்.

[10.24] பெரியப்பா: ஒன்பது மணிக்கு ஹைகோர்ட் மெட்ரோ. மேலே வர எஸ்கலேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது, அதை மட்டும் சொல்.